மடிக் கம்ப்யூட்டரில் கொட்டிய தேத்தண்ணி

காத்தமுத்துவுக்கு நாற்பத்து நான்கு வயதுவரை தேநீர் போடத் தெரியாது. குன்னூரில் இதைச் சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள். ஏழு வருடம், நாள் தவறாமல், காலை பதினொரு மணிக்கும் மாலை நாலு மணிக்கும் ஒரு சர்க்கார் அலுவலகம் முழுவதற்கும் டீ கொடுத்த மனுஷர் அவர்.

இலங்கையில் நோர்வூட்டுக்கு மேலே இருந்த ஒரு தோட்டத்தில் பிறந்தார். அவருடைய அப்பா பிறந்ததும் அதே தோட்டத்தில்தான். பதினெட்டு வயதில் ஸ்டோருக்கு வேலைக்குப் போனார். தேயிலை பாக்டரியை அங்கே ஸ்டோரு என்பார்கள். அதன் மேல்மாடியில் கொழுந்து வாட்டும் வேலை. பறித்து வந்த கொழுந்தை நேரே மிஷினில் போட்டு உருட்டிவிட முடியாது. தண்ணீர் நிறைந்த பச்சை இலை அது. பரப்பி வைத்து, காற்று விட்டு, பதமாக வாட்டி எடுக்க வேண்டும். அவசரப்பட்டுச் சூடு காட்டினால் மேலே காய்ந்து உள்ளே ஈரம் நின்றுவிடும். அசட்டையாக விட்டால் புளித்துப் போகும். மழைக்கு ஒரு கணக்கு, வெயிலுக்கு ஒரு கணக்கு. காத்தமுத்து ஒரு பிடி கொழுந்தை அள்ளி, உள்ளங்கையில் அமுக்கி, விரலைத் திறப்பார். உருண்டை உடனே சிலிர்த்து விரிந்தால் இன்னும் ஈரம் இருக்கிறது. சோம்பலாக விரிந்தால் பதம். பாக்டரியை நடத்தும் டீமேக்கர் துரை ஈரம் காட்டும் கண்ணாடிக் குழாயைப் பார்த்துச் சொல்வதை இவர் கையைப் பார்த்துச் சொல்லிவிடுவார். இருபத்தாறு வருடம் இப்படியே போயிற்று.

இதற்கிடையில் இரண்டு அரசாங்கங்கள் உட்கார்ந்து பேசி, தோட்டத்து ஜனங்களை ஆளுக்கு இத்தனை லட்சம் என்று பிரித்துக்கொண்டன. காத்தமுத்துவும் அவர் மனைவி சின்னம்மையும் இந்தியாவின் பங்கில் விழுந்தார்கள். கப்பலேறி ராமேஸ்வரத்தில் இறங்கியதும் அவருக்குத் ‘தாயகம் திரும்பியவர்’ என்று ஒரு பெயர் கிடைத்தது. ஒருநாளும் பார்க்காத ஊருக்கு எப்படித் திரும்ப முடியும் என்று அவர் யோசித்தார். ஆனால் பின்னால் வரிசை நீளமாக இருந்ததால் கேட்கவில்லை.

மண்டபம் முகாமில் ஒரு குமாஸ்தா கேட்டார்.

“என்ன வேலை தெரியும்?”

“தேயில வேலைங்க. ஸ்டோருல.”

“எத்தனை வருஷம்?”

“இருவத்தாறு.”

குமாஸ்தா படிவத்தில் ‘தேயிலை, 26 ஆண்டு’ என்று எழுதினார். படிவம் மெட்ராஸுக்குப் போய் இங்கிலீஷ் ஆயிற்று. இங்கிலீஷில் தேயிலைக்கும் தேநீருக்கும் ஒரே வார்த்தைதான். அது மறுபடியும் தமிழாகிக் குன்னூருக்கு வந்து சேர்ந்தபோது ‘தேநீர், 26 ஆண்டு அனுபவம்’ என்று இருந்தது.

குன்னூரில் அதற்கென்றே ஓர் அலுவலகம் இருந்தது. தாயகம் திரும்பியோர் தொழில் பொருத்தக் கிளை அலுவலகம் என்று பெயர். யாருக்கு என்ன வேலை தெரியும் என்று பார்த்து, அந்த வேலையிலேயே அவரைப் பொருத்த வேண்டும் என்பது அதன் கடமை. ஒரு வெள்ளைக்காரன் விட்டுப்போன பங்களா, பதினாலு பேர், ஒரு ஜீப். அப்போதிருந்த அதிகாரி காத்தமுத்துவின் படிவத்தைப் படித்துவிட்டு நாற்காலியிலிருந்தே எழுந்துவிட்டாராம். “இருபத்தாறு வருஷம் டீ போட்டவர்யா! நாம இத்தனை நாளா கழனித்தண்ணியைக் குடிச்சிக்கிட்டிருக்கோம்!” என்று சொல்லி, வேறெங்கும் அனுப்பாமல் அங்கேயே தற்காலிகப் பணியில் பொருத்திக்கொண்டார். ரிஜிஸ்தரில் அவர் பெயருக்கு எதிரே ‘முழுப் பொருத்தம்’ என்று எழுதப்பட்டது.

அன்று வீட்டுக்கு வந்து காத்தமுத்து மனைவியிடம் கேட்டார். “சின்னம்ம, தேத்தண்ணி எப்பிடி ஊத்துறது?”

சின்னம்மை சிரித்த சிரிப்பில் அவளுக்கு இருமலே வந்துவிட்டது. பிறகு கற்றுக்கொடுத்தாள்.

அந்த ஏழு வருடத்தில் அவர் மூன்று முறை மனுப் போட்டார். தனக்குத் தெரிந்தது கொழுந்து வாட்டும் வேலை என்றும், ஏதாவது பாக்டரியில் சேர்த்துவிட வேண்டும் என்றும் எழுதினார். பாக்டரிகள், ‘அலுவலகத்தின் சிபாரிசு வேண்டும்’ என்றன. அலுவலகம், ‘தாங்கள் ஏற்கெனவே பொருத்தப்பட்டுவிட்டபடியால் மனு ஏற்பதற்கில்லை’ என்று பதில் கொடுத்தது. பதிலைத் தட்டச்சுச் செய்யும்போது அவர்தான் பக்கத்தில் டீ வைத்துக்கொண்டிருந்தார்.

எண்பத்து நாலாம் வருடம், ஐப்பசி மழைக்கு முன்னால், மெட்ராஸிலிருந்து டாக்டர் மெட்டில்டா வந்தாள். ஊசி போடும் டாக்டர் அல்ல, படித்துப் பட்டம் வாங்கிய டாக்டர். வெளிநாட்டில் ஆராய்ச்சி செய்துவிட்டுத் திரும்பியவள். தாயகம் திரும்பியவர்கள் எப்படி வாழ்கிறார்கள் என்று கணக்கெடுக்க ஓர் ஆராய்ச்சி நிலையம் அவளை அனுப்பியிருந்தது. அவள் கையில் ஓர் அதிசயப் பொருள் இருந்தது. இரண்டு நோட்டுப் புத்தகத்தை அடுக்கியது போன்ற கனத்தில், டைப்ரைட்டர் மாதிரிக் கட்டைகளும், எட்டு வரி தெரியும் ஒரு சின்னக் கண்ணாடியும் கொண்ட கம்ப்யூட்டர். அதை மடியில் வைத்துக்கொண்டே தட்டலாம். அலுவலகத்தில் அதற்கு மடிப்பொட்டி என்று பெயர் விழுந்தது.

உதவி இயக்குநர் சுடலைமணி அதைப் பார்க்கத் தன் அறைக்கு வெளியே வந்தார். அவர் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து மாற்றலாகி வந்தவர். நீலகிரிக் குளிர் தன்மேல் எடுக்கப்பட்ட ஒழுங்கு நடவடிக்கை என்று நினைப்பவர். ஒரு விரலால் பெட்டியைத் தொட்டுவிட்டு, “இது சூடு குடுக்குமா?” என்று கேட்டார். கொடுக்காது என்றதும் உள்ளே போய்விட்டார்.

மூன்று மாதம் மெட்டில்டா பர்லியாரிலிருந்து ஓவேலி வரை அலைந்து, ஆயிரத்து நானூற்றுப் பன்னிரண்டு குடும்பங்களின் விவரத்தைப் படிவங்களில் எழுதி, ஒவ்வொன்றாகப் பெட்டிக்குள் ஏற்றினாள். ஏற்றி முடித்த படிவங்களை அலுவலகக் கண்காணிப்பாளர் மருதாம்பாள் ஒழுங்காகக் கட்டி எடுத்துப் போனார். மருதாம்பாளுக்குச் சுத்தம் முக்கியம்.

அந்த வெள்ளிக்கிழமை காலை பதினொரு மணி. சுடலைமணியின் மேஜைமேல் பெட்டியை வைத்து, கணக்கெடுப்பின் முடிவுகளை மெட்டில்டா காட்டிக்கொண்டிருந்தாள். காத்தமுத்து தட்டோடு வந்து அதிகாரியின் கோப்பையை அவருடைய வலதுகைப் பக்கம் வைத்தார். ஏழு வருடமாக அங்கேதான் வைப்பது.

“நீங்க ரிப்போர்ட்ல ஒண்ணு எழுதணும்மா,” என்றார் சுடலைமணி. “நான் சார்ஜ் எடுக்கும்போது மறுவாழ்வு இந்தா, இவ்வளவுதான் இருந்துது. இன்னைக்கு எங்க நிக்குன்னு நெனைக்கீங்க?”

எங்கே நிற்கிறது என்று காட்ட அவர் கையை மேஜையிலிருந்து வேகமாக மேலே தூக்கினார். மறுவாழ்வு உயர்ந்தது. வழியில் இருந்த கோப்பையும் உயர்ந்து, கவிழ்ந்து, பாலும் சர்க்கரையும் போட்ட முழுக் கோப்பை டீயும் பெட்டியின் கட்டைகள்மேல் பரவியது.

மெட்டில்டா ‘ஐயோ’ என்றதோடு சரி, கை நகரவில்லை.

“யாரும் தொடக்கூடாது!” என்று கத்தினார் சுடலைமணி. “மகஜர் எழுதணும். இருந்தது இருந்தபடி இருக்கணும். மருதாம்பாள், ரூல்ஸ் புஸ்தகத்தைக் கொண்டாங்க.”

மருதாம்பாள் ஓடிப்போய்ப் புத்தகத்தைக் கொண்டுவந்து விரல் வைத்துத் தேடினார். “தீ இருக்குதுங்க சார். திருட்டு இருக்குதுங்க. எலி, கரையான், வெள்ளம் எல்லாம் இருக்குதுங்க. டீ இல்லீங்க.”

“வெள்ளத்துல சேரும்லா?”

“வெள்ளம்னா கலெக்டரு அறிவிக்கோணுமுங்க சார்.”

இவர்கள் டீ இயற்கைச் சீற்றமா இல்லையா என்று பேசிக்கொண்டிருக்க, காத்தமுத்துவின் கண் பெட்டியைவிட்டு நகரவில்லை. கட்டைகளுக்கு நடுவே குளம் கட்டியிருந்த டீ கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே இறங்கிக்கொண்டிருந்தது. அவர் தட்டைத் தரையில் வைத்துவிட்டு மேஜையருகே வந்தார்.

“நோனா,” என்றார். படித்த பெண்களை இலங்கையில் அப்படித்தான் கூப்பிட்டுப் பழக்கம். “மொதல்ல இதோட ஓட்டத்த நிப்பாட்டுங்க. ஓடுற மிஷின்ல தண்ணி எறங்கக்கூடாது.”

மெட்டில்டாவுக்கு அப்போதுதான் உயிர் வந்தது. சட்டென்று விசையை அணைத்து, அடிப்பக்க மூடியைத் திறந்து நான்கு பேட்டரிக் கட்டைகளையும் வெளியே எடுத்தாள். காத்தமுத்து தோளில் கிடந்த துண்டை மேஜையில் விரித்து, பெட்டியைத் தூக்கி, அடித்தலை மேல்தலையாகக் கவிழ்த்துப் பிடித்தார். போன வழியிலேயே டீ திரும்பிச் சொட்டத் தொடங்கியது. உதறவில்லை, ஒரு பக்கமாகச் சாய்த்து அப்படியே பிடித்துக்கொண்டிருந்தார்.

“ஏம்வே, தொடாதேயும்னு சொன்னேம்லா!” என்றார் சுடலைமணி.

“ஆதாரம் ஒழுகுதுங்க சார்,” என்றார் மருதாம்பாள், தரையைக் காட்டி.

விஷயத்தின் கனம் பிறகுதான் தெரிந்தது. ஆயிரத்து நானூற்றுப் பன்னிரண்டு குடும்பங்களும் அந்தப் பெட்டிக்குள் மட்டும்தான் இருந்தன. டேப்பில் நகல் எடுத்து வைக்கலாமே என்றால், அதற்கான டேப்ரிக்கார்டரை அலுவலக ஆண்டு விழாவுக்குப் பாட்டுப் போட வாங்கிப் போனவர்கள் இன்னும் திருப்பிக் கொடுக்கவில்லை. படிவங்கள் எங்கே என்று மெட்டில்டா கேட்டாள்.

மருதாம்பாளின் முகம் வாடியது. “எல்லாந்தான் பொட்டிக்குள்ள போயிருச்சுங்களேன்னு... பழைய பேப்பருக்குப் போட்டுட்டனுங்க.”

விசாரித்ததில், குன்னூர் மவுண்ட் ரோட்டில் ஒரு போண்டாக் கடையில் அவை ஏற்கெனவே மக்களைச் சென்றடைந்துவிட்டன என்று தெரிந்தது.

“உள்ள ஒரு சின்ன பேட்டரி தனியா இருக்கு,” என்றாள் மெட்டில்டா. “அது இருக்கிற வரைக்கும் விவரம் அழியாது. ஒரு வாரம் தாங்கும். அதுக்குள்ள காய வெச்சு, மறுபடி ஓட வைக்கணும்.”

காயவைப்பது என்றதும் அலுவலகம் சுறுசுறுப்பாயிற்று. சுடலைமணி தன் காலடியில் சிவக்கச் சிவக்க எரிந்துகொண்டிருந்த கரண்ட் ஹீட்டரைக் காட்டினார். “இதும் மேல வைங்க. பத்து நிமிசத்துல அப்பளமா ஆயிரும்.” மருதாம்பாள் அரிசி மூட்டைக்குள் புதைக்கலாம் என்றார், அவர் வீட்டில் கடிகாரம் தண்ணீரில் விழுந்தபோது அப்படித்தான் செய்தார்களாம். அது ஓடிற்றா என்று யாரோ கேட்டதற்கு, “ஓடலீங்க, ஆனா அரிசி நல்லாருந்துச்சு,” என்றார்.

“ஹீட்டர் வேணாங்க,” என்றார் காத்தமுத்து. அந்த அறையில் அதிகாரி சொன்னதற்கு அவர் மறுப்புச் சொன்னது அதுதான் முதல் தடவை. “சூட்டுல வெச்சா மேல காஞ்சிரும், உள்ள ஈரம் நின்னுக்கிரும். இந்த ஓடும் வளைஞ்சிரும். அரிசியில போட்டா தவிடும் தூசியும் சீனியில ஒட்டிக்கிரும். மொதல்ல சீனியக் கழுவணுமுங்க.”

“தண்ணி பட்டுத்தானவே கெட்டுது? மறுபடி தண்ணியவா ஊத்தணும்ங்கீரு?”

“தண்ணி காஞ்சா போயிருமுங்க. சீனியும் பாலும் காஞ்சா போவாது, பசையாப் புடிச்சிக்கிரும். ஸ்டோருல ரோலரு மிஷின்ல கொழுந்துச் சாறு காஞ்சு ஒட்டிக்கிச்சின்னா பெறகு உளி வெச்சாத்தான் வரும். ஈரமா இருக்கயிலேயே கழுவிப்புடணும்.”

மெட்டில்டா அவரை முதல்முறையாக முழுசாகப் பார்த்தாள். டீ கொண்டுவரும் மனிதர் என்று மட்டும்தான் மூன்று மாதமாக அவளுக்குத் தெரியும். “அவர் சொல்றது சரி,” என்றாள். “குழாய்த்தண்ணி வேண்டாம். கார் பேட்டரிக்கு ஊத்துற டிஸ்டில்ட் வாட்டர் வாங்கிட்டு வாங்க. ஸ்பிரிட்டும் வேணும்.”

தண்ணீர் வந்தது. அவள் பெட்டியின் முதுகில் இருந்த நான்கு திருகாணிகளைக் கழற்றி பிளாஸ்டிக் ஓட்டைப் பிரித்தாள். உள்ளே பச்சைப் பலகையில் ஊரும் தெருவுமாக ஒரு நகரமே இருந்தது. அதன் ஒரு மூலையில் பால் டீ தேங்கியிருந்தது. சிறு பேட்டரி இருந்த மூலைக்கு ஈரம் போகவில்லை. பஞ்சில் நனைத்து நனைத்து அவள் துடைக்க, காத்தமுத்து பெட்டியைச் சாய்த்துச் சாய்த்துப் பிடித்தார். கடைசியில் ஸ்பிரிட் தொட்டுத் துடைத்தார்கள். இனிப் பாக்கி ஈரம் மட்டும்தான்.

வெளியே மழை பிடித்துக்கொண்டது. பங்களாவின் சுவரே வியர்த்திருந்தது. அந்தக் காற்றில் கைக்குட்டையே மூன்று நாளைக்குக் காயாது.

“இதுக்கு வாட்டு மாடிதாங்க சரி,” என்றார் காத்தமுத்து. “கரும்பாலம் போற வழியில ஒரு பாக்டரி இருக்கு. டீமேக்கரு நெல்சன்னு. நான் வேல கேட்டுப் போயி மூணு தடவ திருப்பி அனுப்பிச்சவரு. நல்ல மனுசன்.”

ஜீப்பைக் கேட்டார்கள். மதியம் சுடலைமணிக்குக் கம்பளி வாங்கப் போக வேண்டியிருந்ததால் ஜீப் கிடைக்கவில்லை. பெட்டியைச் சுத்தத் துணியில் சுற்றி, காத்தமுத்துவின் மடியில் கவிழ்த்து வைத்துக்கொண்டு இருவரும் பஸ்ஸில் போனார்கள். பக்கத்தில் இருந்த படுக இனத்து அம்மா ஒருத்தி, அவர் தாங்கிப் பிடித்திருந்த பாங்கைப் பார்த்து, உள்ளே கோழிக்குஞ்சா என்று கேட்டாள்.

நெல்சன் இவர்களைப் பார்த்ததும் எழுந்தார். படித்த அம்மாள் முன்னால் வர, தான் மூன்று தடவை இல்லையென்று அனுப்பிய ஆள் பின்னால் வந்ததும் அவருக்குச் சங்கடமாக இருந்தது. கதையைக் கேட்டு முடித்ததும் சிரிப்பை அடக்கிக்கொண்டார்.

“மேல ஒரு தொட்டி காலியா இருக்குதுங்க மேடம். அடியில ஃபேன் ஓடும், வலைக்கு மேல காத்து வரும். ஆனா நம்ம பசங்க கொழுந்துதான் பாத்திருக்காங்க, கம்ப்யூட்டரைப் பாத்ததில்லீங்க.”

“நான் பாத்துக்கிறேனுங்க,” என்றார் காத்தமுத்து.

மாடிப்படி ஏறியதும் அவருக்கு மூக்கு முதலில் விழித்தது. ஆப்பிள் பழத்தின் வாசனைக்கும் அறுத்த புல்லின் வாசனைக்கும் நடுவில் ஒரு வாசனை. ஏழு வருடம் அது மூக்கில் ஏறவில்லை. பிறகு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வேலையைப் பார்த்தார்.

காலித் தொட்டியின் வலையில் சாக்கு விரித்து, அதன்மேல் சுத்தத் துணி போட்டு, பெட்டியின் பிளாஸ்டிக் ஓட்டை ஒரு பக்கமும் பச்சைப் பலகையை ஒரு பக்கமுமாக வைத்தார். சுவரில் தொங்கிய இரண்டு கண்ணாடிக் குழாய்களைப் பார்த்தார். ஒன்று காற்றின் சூட்டைக் காட்டுவது, இன்னொன்று ஈரத்துணி சுற்றியது. இரண்டுக்கும் வித்தியாசம் குறைவாக இருந்தால் காற்றில் ஈரம் அதிகம் என்று அர்த்தம்.

“ரெண்டு டிகிரிதாங்க இருக்கு. இந்தக் காத்து எதையும் காய வெக்காது,” என்றார். “கீழயிருந்து கொஞ்சூண்டு வெதுவெதுப்பு கலந்து விடுங்க. நாலுக்கு வரட்டும். அதுக்கு மேல வேணாம், கொதிச்சிரும்.”

நெல்சன் விசையைத் திருகினார். குழாய் நாலுக்கு வந்து நின்றது. அவர் காத்தமுத்துவை ஒருமுறை பார்த்தார்.

அடுத்த தொட்டியில் அன்றைய கொழுந்து கிடந்தது. பழக்கம் விடவில்லை, காத்தமுத்து போகிற போக்கில் ஒரு பிடி அள்ளி அமுக்கி விரலைத் திறந்தார். “ஓரத்துல வாட்டம் மிஞ்சிப் போச்சுங்க, நடுவுல பச்சையா நிக்குது. இப்பவே கெளறி விட்டாத்தான் ஒண்ணாச் சேரும்.” நெல்சன் தானும் ஒரு பிடி அள்ளிப் பார்த்துவிட்டு ஆட்களைக் கூப்பிட்டார்.

சனிக்கிழமை காலை பாக்டரி வாசலில் அலுவலக ஜீப் வந்து நின்றது. பெட்டியை ஏற்றக் கிடைக்காத ஜீப் மெமோவை ஏற்றிக்கொண்டு வந்திருந்தது. கூடவே மருதாம்பாள். மாடி ஏறி மூச்சு வாங்க நின்று, காகிதத்தை நீட்டினார்.

“கோவிச்சுக்காதீங்க காத்தமுத்து. சார் உங்க கையிலயே குடுத்து கையெழுத்து வாங்கோணும்னாருங்க.”

மெமோவில் மூன்று குற்றங்கள் இருந்தன. ஒன்று, கவிழக்கூடிய நிலையில் தேநீர் வைத்தது. இரண்டு, மகஜர் எழுதுமுன் சம்பவப் பொருளைத் தலைகீழாக்கியது. மூன்று, அலுவலக நேரத்தில் அலுவலகத்தில் இல்லாமல் வேறொரு பாக்டரியில் இருப்பது. மூன்றாவது குற்றம் அன்று சனிக்கிழமை விடுமுறை என்பதை மறந்து எழுதப்பட்டிருந்தது. உடனடியாக விளக்கம் கேட்டிருந்தார்கள்.

காத்தமுத்து இரண்டு முறை படித்தார். அவருக்குக் கோபம் வரவில்லை. வெட்கமாக இருந்தது, யாருக்காக என்று தெரியவில்லை. பேனா வாங்கி அடியிலேயே எழுதினார்: ‘தேத்தண்ணி கொண்டுவந்தது என் கை. தட்டிவிட்டது ஐயா கை. கவிழ்த்துப் பிடித்தது மறுபடியும் என் கை. இப்படிக்கு, காத்தமுத்து.’

மருதாம்பாள் அதைப் படித்தார். உதட்டைக் கடித்துக்கொண்டு காகிதத்தை மடித்துப் பைக்குள் வைத்தார். பிறகு தொட்டியருகே போய் எட்டிப் பார்த்து, ரகசியமாகக் கேட்டார். “ஏனுங்க, பொழைச்சுக்குமுங்களா? அந்தப் பேப்பரு பாவம் எம் மேல வந்துருமுங்க.”

“நாளைக்கி சாயந்தரம் சொல்லுறேன் அம்மா. இப்பப் பேட்டரி போட்டு ஓட்டிப் பாக்கக்கூடாது, அவசரப்பட்டா போயிரும்.”

ஞாயிறு சாயங்காலம் மெட்டில்டா பலகையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். ஈரத்தின் தடமே இல்லை. இப்போதே பேட்டரி போடலாமா என்று அவள் விரல்கள் பரபரத்தன. காத்தமுத்து பெட்டியின் பிளாஸ்டிக் ஓட்டை முகர்ந்து பார்த்து, வேண்டாம் என்று தலையாட்டினார். கட்டைகளுக்கு அடியில் இன்னும் பச்சை வாசனை இருக்கிறது, விடியட்டும் என்றார். அவள் கேட்டுக்கொண்டாள். வெளிநாட்டில் படித்த படிப்பில், மூக்கை நம்புவது எப்படி என்று ஒரு பாடம் இல்லை. ஆனால் மூன்று மாத உழைப்பு அந்த மூக்கின் கையில்தான் இருந்தது.

திங்கட்கிழமை பத்து மணிக்கு அலுவலகமே சுடலைமணியின் அறையில் கூடிவிட்டது. மெட்டில்டா திருகாணிகளை முடுக்கி, பேட்டரிகளைப் போட்டு, விசையைத் தள்ளினாள். கண்ணாடி ஒரு கணம் வெறுமையாக இருந்தது. பிறகு எட்டு வரியும் வந்தன. ஓவேலி வந்தது, ஸ்ரீமதுரை வந்தது, பர்லியார் வந்தது. ஆயிரத்து நானூற்றுப் பன்னிரண்டு குடும்பமும் ஒன்று குறையாமல் வந்தது. மருதாம்பாள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

“நம்ம ஆபீஸ் நிர்வாகம் எப்படின்னு இப்பத் தெரியுதா?” என்றார் சுடலைமணி.

மெட்டில்டா காத்தமுத்துவைக் கூப்பிட்டு உட்காரச் சொன்னாள். அவர் உட்காரவில்லை, குனிந்து நின்று பார்த்தார். தன் குடும்பம் இதில் எங்கே என்று கேட்டார். அவள் தேடி எடுத்து, இங்கிலீஷ் வரியைத் தமிழாக்கிப் படித்தாள். பெயர் காத்தமுத்து. மனைவி சின்னம்மை. தொழில் டீ போடுதல். முன்பு செய்த தொழில் டீ. பொருத்தம் நூறு சதவீதம்.

“இத மாத்தலாமுங்களா நோனா?”

“நான் இப்பவே மாத்துறேன்.”

“அதெப்படிம்மா மாத்துவீங்க?” சுடலைமணி குறுக்கிட்டார். “புள்ளிவிவரம் மேலிடத்துக்குப் போயாச்சு. நூறு சதவீதம்னு நாங்க ஏற்கெனவே ரிப்போர்ட் பண்ணிட்டோம். ஒரு ஆளுக்காக நூறைத் தொண்ணூத்தொம்பதே முக்காலா ஆக்க முடியுமா?”

அவள் அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டே கட்டைகளைத் தட்டி மாற்றினாள். கட்டைகள் எல்லாமே வேலை செய்தன.

அந்த வாரமே சுற்றறிக்கை வந்தது. இனி அலுவலக வளாகத்துக்குள் எந்தத் திரவப் பொருளும் கொண்டுவரப்படக்கூடாது. ஆகவே தேநீர் வழங்கும் தற்காலிகப் பணியிடம் ரத்து செய்யப்படுகிறது. இங்க் திரவமா என்று கிளார்க்குகள் கேட்டார்கள். விளக்கம் கேட்டு மேலிடத்துக்கு எழுதப்பட்டது. விளக்கம் வரும்வரை பதினாலு பேரும் பென்சிலில் எழுதினார்கள். காத்தமுத்து கோப்பைகளைக் கழுவி, எண்ணி, மருதாம்பாளிடம் ஒப்படைத்தார். மருதாம்பாள் வாசல்வரை வந்து வழியனுப்பினார். “உங்க டீ சுமாராத்தானுங்க இருக்கும்,” என்றார் கண்ணைத் துடைத்துக்கொண்டு. “ஆனா நீங்க போறது மனசுக்குக் கஷ்டமா இருக்குதுங்க.”

அங்கிருந்து அவர் நேரே கரும்பாலத்துக்கு பஸ் ஏறினார். நெல்சன் அவரைக் கண்டதும் கையைப் பிடித்துக்கொண்டார்.

“நானே ஆள் அனுப்பலாம்னு இருந்தனுங்க. அன்னைக்கு நீங்க கெளறச் சொன்ன கொழுந்து, அந்த மாசத்துலயே நல்ல தூளுங்க. இப்ப ஆபீஸ் சிபாரிசு ஏதாச்சும் இருக்குதுங்களா?”

“வேலையவிட்டு நிப்பாட்டுன கடுதாசி இருக்குங்க.”

நெல்சன் அதை வாங்கிப் படித்தார். அலுவலக முத்திரை இருந்தது, சுடலைமணியின் கையெழுத்து இருந்தது. “இது போதுமுங்க,” என்று ஃபைலில் வைத்துக்கொண்டார்.

வாட்டு மாடியில் காத்தமுத்து ஒன்பது வருடம் வேலை செய்தார். மெட்டில்டாவின் அறிக்கை அடுத்த வருடம் அச்சாகி வந்தது. ஒரு பிரதி அவருக்கும் வந்தது. முன்னுரையில் அவர் பெயர் இருப்பதாக நெல்சன் படித்துக் காட்டினார்; அதற்கு மேலே, விருந்தோம்பலுக்காக உதவி இயக்குநர் சுடலைமணிக்கும் நன்றி சொல்லியிருந்தது. அப்படிச் சொல்லாவிட்டால் அறிக்கையை ஏற்கமாட்டோம் என்று அலுவலகம் எழுதியிருந்ததாம்.

கதை ஊரில் பரவியதும், நனைந்த சாமான்கள் அவரைத் தேடி வரத் தொடங்கின. கிணற்றில் விழுந்த டிரான்சிஸ்டர், மழையில் நின்ற மாரியம்மன் கோயில் ஆம்ப்ளிஃபயர், குழம்பு கொட்டிய கால்குலேட்டர், பாலிடெக்னிக் வாத்தியாரின் கைக்கடிகாரம். சிலது பிழைத்தது, சிலது பிழைக்கவில்லை. பிழைக்காததை அவர் நாசூக்காகச் சொல்வார்: “நீங்க கழுவாம கொண்டாந்துட்டீங்க.” மெக்கானிக் என்று யாராவது கூப்பிட்டால் பதறிப்போவார். தனக்குத் தெரிந்தது ஈரம் எடுப்பது ஒன்றுதான் என்பார்.

ஓர் ஆடிமாதம், வாரக்கணக்கில் மழை விடாத சமயம், வேலை முடிந்து கம்பளியை உதறிக்கொண்டு வீட்டுக்குள் வந்தார். அடுப்படி முழுக்கப் புகை. சின்னம்மை ஊதுகுழலும் கையுமாக, கண் சிவந்து உட்கார்ந்திருந்தாள்.

“ஊரு ஒலகத்துப் பொட்டியெல்லாம் காயவெச்சுக் குடுக்குறீங்க,” என்றாள். “வீட்டு வெறகு ஆறு நாளா நனைஞ்சு கெடக்கு. ரெண்டு கட்டு எடுத்துக்கிட்டுப் போயி அந்தத் தொட்டியில போட்டுக் கொண்டாந்தா என்னவாம்?”

“அது கம்பேனிக் காத்து சின்னம்ம. வீட்டு வெறகுக்கெல்லாம் போட முடியாது.”

“அப்ப ஊதுங்க,” என்று குழலை அவர் கையில் கொடுத்தாள்.

காத்தமுத்து குத்தவைத்து உட்கார்ந்து ஊதினார். விறகு சீறிற்று, நுரைத்தது, புகைந்தது, பிடிக்கவில்லை. அவர் ஒரு சுள்ளியை எடுத்து முகர்ந்து பார்த்து, இதற்கு இன்னும் இரண்டு நாள் வேண்டும் என்றார். அதுவரை சோறு எப்படி வேகும் என்று சின்னம்மை கேட்டாள். அவர் குனிந்து குழலை வாயில் வைத்தார். மறுபடியும் ஊதினார்.